வளைந்து கொடுக்க வேண்டியவர் யார்?

பழையது ஒன்று புதிய இடத்தில் இயங்க மறுக்குமானால் குற்றம் எதன் மீது? பழையதன் மீதா, அதற்கு இடங்கொடாத புதியதன் மீதா? குடும்பத்தைக் குறித்தும், மொழியைக் குறித்தும், வழிபாட்டு முறைகளைக் குறித்தும் இக்கேள்வியை நாம் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறோம். ஆனால் அங்கெல்லாம் நமது விருப்பு வெறுப்புகள் குறுக்கிட்டு, தெளிவாக எண்ண விடுவதில்லை. எனவே எவர் மனத்தையும் புண்படுத்தாத எளிய பொருளொன்றை இம்முறை எடுத்துக்கொள்வோம். பழைய கணிப்பொறி விளையாட்டு ஒன்றை இன்றைய கணிப்பொறியில் ஓட வைப்பதே அப்பொருள். இது சிறுபிள்ளைகளின் செயல் அன்றோ என வாசகர் சிலர் முகம் சுளிக்கலாம். சற்றுப் பொறுத்தருள்க. மனச்சான்றுக்கு வேலை வைக்கும் வினா ஒன்று இதனுள்ளும் இருக்கிறது.

‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ என்னும் விளையாட்டை, இன்று நாற்பதைக் கடந்தவர்களுள் பலர் அறிவர். ஜோர்டன் மெக்னர் என்னும் அமெரிக்க இளைஞர் ஏறத்தாழத் தனியொருவராகவே உருவாக்கியது அது. 1989இல் ஆப்பிள் 2 கணிப்பொறிக்காக வெளிவந்து, அடுத்த ஆண்டே டாஸ் இயங்குதளத்துக்கும் வந்தது. நிலவறையில் அடைபட்ட இளைஞன் ஒருவன், 60 நிமிடங்களுக்குள் பொறிகளையும் வாள்வீரர்களையும் கடந்து இளவரசியை மீட்க வேண்டும். மெக்னர் தம் தம்பியை ஓடவும் தாவவும் வைத்துப் படமெடுத்து, அந்த அசைவுகளைக் கட்டம் கட்டமாகக் கணிப்பொறிக்குள் வரைந்தார். இசை அமைத்தவர் அவருடைய தந்தை. நம் ஊர்களில் 1990களில் தெருவுக்குத் தெரு தோன்றிய கணிப்பொறிப் பயிற்சி நிலையங்களில், ஆசிரியர் தேநீர் அருந்தச் சென்ற வேளைகளில் பிள்ளைகள் ஆடிக் களித்த ஆட்டங்களுள் இதுவும் ஒன்று.

அந்நாளைய படி ஒன்றைப் பத்திரமாகக் காத்து வைத்திருப்பவர் இன்று தம் புதிய கணிப்பொறியில் அதைத் திறக்க முயன்றால், ‘இந்த நிரல் உங்கள் கணிப்பொறியில் இயங்காது’ என்னும் அறிவிப்பே கிடைக்கிறது. ஆட்டத்தில் ஓர் எழுத்தும் அழியவில்லை. ஒரு கோப்பும் கெடவில்லை. ஆனால் அது 16 பிட் செயலிகளின் மொழியில் எழுதப்பட்டது. இன்றைய 64 பிட் விண்டோஸ், அம்மொழியைக் கேட்பதையே விட்டுவிட்டது. பேசுகிறவன் நலமாக இருக்கிறான், கேட்பவன்தான் மாறிப்போனான்.

இந்நிலையில் வழிகள் இரண்டு. ஒன்று, ஆட்டத்தையே திருத்திப் புதிய பொறிக்கு ஏற்ப எழுதுவது. இதற்கு அதன் மூலநிரல் வேண்டும். ‘டூம்’ என்னும் 1993ஆம் ஆண்டு விளையாட்டின் மூலநிரலை அதன் படைப்பாளரே 1997இல் உலகுக்குத் திறந்துவிட்டனர்; எனவே அது இன்று ஓடாத பொறி அரிது. மெக்னரின் ஆட்டமோ அத்தகைய பேறு பெறவில்லை. காணாமற்போன அதன் மூலநிரல் அடங்கிய நெகிழ்வட்டுகள் 2012இல்தான் கிடைத்தன. வீட்டைத் துப்புரவு செய்தபோது அலமாரியின் பின்புறத்திலிருந்து எடுத்து அனுப்பியவர் அதே தந்தைதான். இசை தந்தவர் கையாலேயே மூலமும் மீண்டது என்பதை எண்ணுந்தோறும் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அது ஆப்பிள் பொறிக்கு எழுதப்பட்ட மூலம். டாஸ் படிக்கு நேரே உதவாது.

இரண்டாம் வழிதான் நம் சிந்தனைக்கு உரியது. ஆட்டத்தைத் தொடாமல், அது வாழ்ந்த உலகத்தை அதைச் சுற்றிலும் மீண்டும் எழுப்புவது அவ்வழி. 2002இல் முதன்முதலாக வெளியிடப்பட்ட ‘டாஸ்பாக்ஸ்’ என்னும் இலவச நிரல் இதைத்தான் செய்கிறது. புதிய பொறிக்குள்ளே இல்லாத பழைய பொறி ஒன்றை அது கற்பித்துக் காட்டுகிறது. இல்லாத செயலி, இல்லாத வட்டு, ‘சவுண்ட் பிளாஸ்டர்’ என்று அந்நாளில் விற்கப்பட்ட ஒலியட்டை, எல்லாம் கணக்கினாலேயே உண்டாக்கப்படுகின்றன. ஆட்டம் தன் பழைய வீட்டில் இருப்பதாகவே கொண்டு ஓடுகிறது.

இங்கு நம்மை வியக்க வைப்பது வேகத்தைக் குறித்த செய்தி. அக்கால விளையாட்டுகள் சில, செயலி எவ்வளவு விரைவாக ஓடுகிறதோ அவ்வளவு விரைவாகத் தாமும் ஓடும்படி எழுதப்பட்டவை. 1990இல் வந்த ‘விங் கமாண்டர்’ விரைவான பொறியில் ஆடவே முடியாதபடி பறக்கும். அதனால்தான் அந்நாளையக் கணிப்பொறிப் பெட்டிகளில் ‘டர்போ’ என்றொரு பொத்தான் இருந்தது. பெயர் வேகத்தைச் சொன்னாலும், பழைய ஆட்டங்களுக்காகப் பொறியை மெதுவாக்குவதே அதன் பயன். டாஸ்பாக்ஸும் அவ்வாறே. கண்ட்ரோல் விசையோடு எஃப் 11ஐ அழுத்த அழுத்த, பழைய பொறியைவிடப் பன்மடங்கு ஆற்றல் படைத்த இன்றைய பொறி படிப்படியாகத் தன்னைத் தளர்த்திக்கொள்கிறது. திரையின் வடிவுங்கூட இத்தகையதே. அந்நாளில் குறுக்கே 320, நெடுக்கே 200 எனப் புள்ளிகளைக் கொண்ட படம், நாலுக்கு மூன்று என்னும் அளவிலான கண்ணாடித் திரையை நிரப்பியது. ஆகவே ஒவ்வொரு புள்ளியும் சற்று உயரமாகவே தோன்றும். இன்றைய திரையில் அப்படியே காட்டினால் மெக்னரின் தம்பி குட்டையாய்ப் பருத்துத் தெரிவார். டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு சொல்லை மாற்றினால் அவர் தம் பழைய உயரத்தைப் பெறுவார். ஓடினால் போதும் என்று நில்லாமல், ஓடியது அன்று எப்படித் தோன்றியதோ அப்படியே தோன்ற வேண்டும் என்று கருதி உழைத்தவர்களின் கவனம் இது. அவர்கள் பெரும்பாலும் ஊதியம் பெறாதவர்கள்.

ஆக, இங்கே வளைந்து கொடுப்பது வலியது, மெலியது அன்று. முதியவரோடு நடக்கும் பேரன் தன் நடையைக் குறைத்துக்கொள்வதில் யாரும் தாழ்வு காண்பதில்லை. விரைந்து நடக்கச் சொல்லி முதியவரை இழுப்பவனைத்தான் ஊர் ஏசும்.

இதில் ஓர் ஐயம் எழக்கூடும். இது ஏமாற்று அன்றோ? விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்த 2001 முதற்கொண்டு, பழைய நிரலொன்று ‘நீ யார்?’ என்று கேட்டால், ‘நான் விண்டோஸ் 95’ என்று விடை சொல்லும்படி இயங்குதளத்தை நாம் அமைக்கலாம். உண்மைக்கு மாறான விடைதான். ஆயினும் பொய் என்பது, உண்மையை அறியும் மனம் ஒன்றை வஞ்சிப்பது. நிரலுக்கு மனம் இல்லை, வஞ்சிக்கப்படுவோரும் இல்லை. எவ்வகைப் பொய்யும் ஆகாது என்று உறுதியாய் நின்ற புனித அகுஸ்தினாரும் இதற்காக நம்மைக் கடிந்துகொள்ள மாட்டார் என்றே நம்புகிறோம்.

குற்றம் உண்மையிலேயே பழையதன் பக்கம் இருந்தால் என் செய்வது? மென்பொருள் எழுத்தாளர் ஜோயல் ஸ்போல்ஸ்கி 2004இல் எழுதிய செய்தி ஒன்று இதற்குப் பொருத்தமானது. நகரம் எழுப்பும் ‘சிம்சிட்டி’ என்னும் விளையாட்டில் ஒரு பிழை இருந்தது. நினைவகத்தின் ஒரு பகுதியை ‘எனக்கு இனி வேண்டாம்’ என்று திருப்பிக் கொடுத்த பின்னரும், அதே இடத்தை அது படித்துக்கொண்டிருந்தது. வீட்டைக் காலி செய்த பின்னும் அங்கே வைத்துப்போன பெட்டியைத் தேடி வருபவரைப் போல. பழைய விண்டோஸில் அவ்விடம் அப்படியே கிடந்ததால் பிழை வெளிப்படவில்லை. விண்டோஸ் 95 அவ்விடத்தை உடனே பிறருக்குக் கொடுத்துவிடும். எனவே ஆட்டம் வீழ்ந்தது. மைக்ரோசாஃப்ட் பொறியாளர் என் செய்தனர்? ஓடுவது சிம்சிட்டிதானா என்று பார்த்து, ஆம் எனில் அதற்காக மட்டும் நினைவகத்தை உடனே பறிக்காத தனி ஏற்பாடொன்றை இயங்குதளத்துக்குள் எழுதினர். பிழை செய்தவர் ஒருவர்; அதைச் சுமந்தவர் மற்றொருவர். வணிக நோக்கமும் இதில் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. புதியது வாங்கியவுடன் தம் ஆட்டம் நின்றுபோனால் மக்கள் பழிப்பது புதியதைத்தானே!

இதற்கு மறுபக்கமும் உண்டு. பிறர் பிழைகளையெல்லாம் சுமக்கும் அமைப்பு நாளுக்கு நாள் கனத்துப் போகும்; சுமை கூடக்கூடப் புதிய பிழைகளும் ஒளிந்துகொள்ள இடம் பெறும். ஆப்பிள் நிறுவனம் 2019இல் தன் ‘கேட்டலினா’ இயங்குதளத்தில் 32 பிட் நிரல்கள் அனைத்துக்கும் கதவடைத்தது. விளையாட்டுகள் பல ஒரே நாளில் ஊமையாயின. அதற்கும் நியாயமான காரணங்கள் இருந்தன. நம் நெஞ்சம் முதலாவது வழியையே சார்கிறது என்றாலும், எல்லாவற்றையும் எந்நாளும் ஒருவரே சுமக்க வேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. தான் சுமக்க இயலாதபோது, சுமக்க முன்வருகிறவரைத் தடுக்காமலாவது இருக்கலாம் அன்றோ?

தடை என்றதும் நாம் பூட்டுகளுக்கு வருகிறோம். மெக்னரின் ஆட்டத்தில் முதற்கட்டம் முடிந்ததும் மருந்துக் குப்பிகள் நிறைந்த அறையொன்று வரும். கையேட்டின் இன்ன பக்கத்தில் இன்ன வரியில் இன்ன சொல்லின் முதலெழுத்து எதுவோ, அவ்வெழுத்தின் கீழுள்ள குப்பியை அருந்த வேண்டும். தவறான குப்பிகள் உயிரை வாங்கும். கையேடு இல்லாதவன் திருட்டுப் படி வைத்திருப்பவன் என்பது கணக்கு. ஆண்டுகள் பல கடந்த பின், கையேட்டைக் கரையானுக்குக் கொடுத்த நேர்மையாளனும் அவ்வறையிலேயே சாகிறான்.

பின்னாளில் பூட்டு இன்னும் கடுமையாயிற்று. ‘சேஃப்டிஸ்க்’ என்னும் காவல் நிரல், செருகியிருப்பது அசல் குறுந்தட்டுதானா என்று இயங்குதளத்தின் உள்ளறை வரை சென்று சோதித்தது. அதுவே பாதுகாப்புக்கு ஊறு என்று கண்டு, 2015இல் வந்த விண்டோஸ் 10 அதை அடியோடு விலக்கிற்று. விளைவு என்ன? பூட்டை அவிழ்த்த திருட்டுப் படி ஓடுகிறது. காசு கொடுத்து வாங்கிய அசல் ஓடுவதில்லை.

நம் பங்கின் இளைஞன் ஒருவன் இதையே நம்மிடம் கொண்டுவந்தான். அவன் தந்தை 2003இல் வாங்கிய குறுந்தட்டு அது. “சாமி, அந்தப் பூட்டை எடுத்துவிடும் நிரல் கிடைக்கிறது. போட்டுக்கொண்டால் களவாகுமா?” என்றான். செயலை மட்டுமன்றி நோக்கத்தையும் சூழலையும் பார்க்கும்படியே நாம் கற்பிக்கப்பட்டோம். நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவும், உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதையே குற்றமாக்குகிறது. விலை கொடுத்த பொருளை வீட்டில் ஆட விரும்புபவன் எவர் உடைமையையும் பறிக்கவில்லை. ஆகவே களவன்று என்றோம். முன்பின் அறியாத இடத்திலிருந்து நிரலை இறக்கி நச்சுநிரலையும் சேர்த்து வாங்கிக்கொள்வது வேறு. அது அறநெறியைச் சார்ந்ததன்று, அறிவைச் சார்ந்தது.

அடுத்து, “நண்பர்கள் மூவருக்குப் படியெடுத்துக் கொடுக்கலாமா?” என்றான். இங்கே நாம் தயங்கினோம். கைவிடப்பட்ட விளையாட்டு எவருக்கும் உரியதன்று என்னும் பேச்சு இளையோரிடம் பரவலாக இருக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. படைத்தவர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் உரிமை நிற்கும். நெகிழ்வட்டோ குறுந்தட்டோ அவ்வளவு காலம் நிற்குமா? அமெரிக்காவின் ‘வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்’ 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அந்நாட்டில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விலைக்குக் கிடைப்பதில்லை. அவற்றை ஆய்வாளர் தொலைவிலிருந்து அணுக நூலகங்கள் வழிசெய்ய வேண்டும் என்ற வேண்டுகோளையும் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. விற்கவும் மாட்டோம், காக்கவும் விடமாட்டோம் என்பது, தொழுவத்தில் வைக்கோல்மேல் படுத்த நாயின் பழங்கதையைத்தான் நினைவூட்டுகிறது. வளைய வேண்டியவர் இங்கே உரிமையாளர்.

ஆயினும் அவர் வளையவில்லை என்பதால் நாம் கேளாமலே எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றும் சொல்ல மனம் வரவில்லை. பழைய ஆட்டங்களை டாஸ்பாக்ஸோடு சேர்த்துக் கட்டி முறையாக விற்கும் ‘ஜிஓஜி’ போன்ற கடைகள் 2008 முதல் இருக்கின்றன. அங்கே கிடைப்பதைப் படியெடுத்துப் பகிர்வது களவேதான். முதலில் கடையில் தேடு, இல்லையேல் உரிமையாளருக்கு எழுது என்றோம். தேடினான்; இல்லை. எழுதினான். அந்த நிறுவனம் இருமுறை கைமாறி, உரிமை யாரிடம் உள்ளது என்பதே தெளிவாகாத நிலை, மறுமொழியும் வரவில்லை. படியெடுப்பதை அவன் நிறுத்தி வைத்திருக்கிறான். ஞாயிறு மறைக்கல்வி முடிந்ததும் அம்மூவரும் அவன் வீட்டுக்கே வந்து, ஒருவர் பின் ஒருவராக அமர்ந்து ஆடிச் செல்கின்றனர்.