பத்து மாதம் யாருடைய வீடு?

கோடைக்கானல் மலையில் ஏரியைச் சுற்றியும் செண்பகனூர்ப் பக்கமும் சின்னச் சின்னதாய்ப் பல பழைய வீடுகள் உண்டு. சித்திரை, வைகாசி வெயிலுக்குத் தப்பி மலையேறுகிறவர்கள் இரண்டு மாதம் தங்குவதற்கென்று கட்டியவை. 1845-ம் வருஷம் மதுரை அமெரிக்க மிஷன் பாதிரிமார் அங்கே முதல் பங்களாக்களைக் கட்டிய காலந்தொட்டு இந்த வழக்கம் நடந்து வருகிறது. சீசன் முடிந்ததும் கதவைப் பூட்டி, சாவியைக் காவற்காரரிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிவிடுவார்கள். மீதிப் பத்து மாதமும் வீடு அவர் பொறுப்பு.

நமக்குத் தெரிந்த ஒருவருக்கு, பெயர் வேண்டாம், தகப்பனார் வழியில் இப்படி ஒரு வீடு வந்தது. மூன்று அறை, தகரக் கூரை. தலைமையாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். இனி வருஷம் முழுவதும் மனைவியோடு அங்கேயே வாசம்பண்ணலாமென்று தீர்மானித்து, வீட்டைச் செப்பனிடக் கையிலிருந்த பணத்துக்குக் கணக்குப் போட்டார். அதில் ஒரு வரி அவரை உறுத்தியது: காவற்காரர் சம்பளம், இனி இல்லை. நாமே குடியிருக்கும்போது காவல் எதற்கு? அவர் குடியிருக்கும் பின்கட்டு அறையைச் சாமான் அறையாக்கிக்கொள்ளலாம். இது நியாயமா என்று என்னிடம் கேட்டார்.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். விஷயத்தின் பாதி அதிலேதான் இருக்கிறது. கோடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி உயரம். மே மாதத்தில் இதமாயிருக்கும் வீடு, ஐப்பசி கார்த்திகையில் வேறு வீடாகிவிடும். வாடைக்காற்றோடு மழை நாட்கணக்கில் அடிக்கும். மண்சாந்து வைத்துக் கட்டிய கற்சுவர் தண்ணீரை உறிஞ்சி உள்ளே ஓதம் காட்டும். ஓதத்தை மறைக்கச் சிமெண்டு பூசுவது பலரும் செய்கிற காரியம். பூசினாலோ, சுவருக்குள் போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும். அந்தச் சுவருக்குப் பழைய சுண்ணாம்புக் காரைதான் பொருத்தம். மார்கழி, தை இரவுகளுக்குக் கணப்பு வேண்டும். நெடுநாள் எரியாத புகைபோக்கியிலோ கரியும் பறவைக் கூடும் அடைத்திருக்கும். அதைச் சுத்தம்பண்ணச் சோம்பல்பட்டு, கதவு சன்னல்களை இறுக அடைத்து, அறைக்குள்ளே கரியடுப்பு மூட்டித் தூங்கினவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லையென்று பத்திரிகையில் வாசித்திருக்கிறோம். அந்த நச்சுக்காற்றுக்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை.

இவ்வளவும் தலைமையாசிரியருக்கு யார் சொன்னது? காவற்காரர்தான். மழை எந்தச் சுவரில் மோதும், எந்த ஆணித் துவாரத்தில் கூரை ஒழுகும் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். மூன்று அறைகள் பூட்டிக் கிடந்த அத்தனை மழைக்காலத்திலும் அவரும் அவர் மனைவியும் பின்கட்டில் ஒற்றை அறையில், கணப்பில்லாமல், ஒழுகுகிற இடத்தில் பாத்திரம் வைத்து இருந்திருக்கிறார்கள்.

"மாதாமாதம் சம்பளம் கொடுத்தேன், ஒரு காசு பாக்கியில்லை. நீதிப்படி நான் கடன்காரனா?" என்றார் நண்பர். இது லேசான கேள்வியல்ல. 13-ம் சிங்கராயர் பாப்பானவர் 1891-ம் வருஷம் எழுதிய "ரேரும் நோவாரும்" நிருபத்தில் சொந்தப் பொருள் வைத்துக்கொள்ளும் உரிமையை உறுதியாய்க் காக்கிறார். ஆனால் அதே நிருபத்தில் அர்ச். தோமாஸ் அக்குவீனாசின் போதனையையும் எடுத்துக்காட்டுகிறார்: பொருளை உடைமையாய் வைத்திருப்பது ஒன்று, அதை உபயோகிப்பது வேறு, உபயோகத்தில் பிறருடைய தேவைக்கு எளிதில் பகிர்கிற மனம் வேண்டும். கூலியைப் பற்றியும் கண்டிப்பாய்ப் பேசுகிறார். தொழிலாளி சம்மதித்தான் என்பதனாலேயே கூலி நியாயமாகிவிடாது. சிக்கனமாய் வாழ்கிறவனுடைய பிழைப்புக்கு அது போதவேண்டும். பேரத்துக்கு மேற்பட்ட நீதி ஒன்று உண்டு.

இதை வைத்துப் பாருங்கள். அந்தக் காவற்காரர் குறைந்த சம்பளத்துக்குச் சம்மதித்தது எதனால்? குடியிருக்க அறை கூடவே வந்ததனால். அப்படியானால் அந்த அறை நாம் போட்ட தர்மமல்ல, அவர் கூலியின் ஒரு பகுதி. சேமிக்க இடமில்லாத சம்பளத்தில் கிழவனாகிவிட்ட மனிதனிடமிருந்து அதைத் திரும்ப வாங்குவது, கொடுத்த கூலியைத் திரும்ப வாங்குவதுபோல. சாகும்வரை காவல் சம்பளம் கொடு என்று நான் சொல்லவில்லை. நண்பரும் பென்ஷனில் வாழ்கிறவரே. ஆனால் அந்த அறை, அல்லது வேறொரு கூரைக்குப் போதுமான தொகை, நீதியாகவே செலுத்தவேண்டிய கடன் என்பது என் அபிப்பிராயம். அதை உபகாரமென்று பெயர் மாற்றவும் கூடாது.

நண்பரின் மனைவிக்கு வேறொரு சங்கடம். பூலோகத்தில் நாம் பரதேசிகள்தானே, கடைசிக் காலத்தில் ஒரு வீட்டுக்கு இவ்வளவு செலவா என்றார். நல்ல ஞானந்தான். ஆனால் நம்மில் அநேகருக்கு அது சொந்தக் கூரைக்குத் தகரம் வாங்கும்போது ஞாபகம் வருவதில்லை, அடுத்தவர் கூரைக்கு வாங்கும்போதே வருகிறது. அந்த அம்மாளுக்கோ இரண்டுக்கும் வந்தது. அதனால் அவரோடு நான் வாதாடவில்லை.

"அவரைக் கேட்டீர்களா?" என்றேன் நண்பரிடம். கேட்கவில்லை. நான்கு வாரமாய் அந்த மனிதனைப் பற்றியே யோசித்தவர், அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை! நானும் இவ்வளவு நியாயம் பேசின பிறகுதான் இதைக் கேட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

அடுத்த வாரம் போய்க் கேட்டாராம். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "ஐயா, என் கூரையிலே நாலு தகரம் மாத்திக் கொடுங்க. நீங்களும் அம்மாவும் இங்கே ஒரு மழைக்காலம் இருந்ததில்லே. கார்த்திகையிலே கரண்டு போனா மூணு நாளைக்கு வராது. பக்கத்திலே ஆள் வேணும்," என்றாராம்.

கைப்பணம் எல்லா வேலைக்கும் எட்டவில்லை. ஐப்பசிக்கு முன் முடியவேண்டுமென்று பின்கட்டுக் கூரையை முதலில் பிரித்திருக்கிறார்கள். முன்னறையின் பலகைத் தரை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போயிற்று. சம்பள விஷயம் மட்டும் இன்னும் பேசி முடியவில்லை.