தராசும் கொப்பியும்

வருடம் நிறைந்ததும் வியாபாரப் பொருளுக்கு 2.5 வீதம் ஸக்காத் கொடுக்கிறோம். ரமழானில் உலர் உணவுப் பொதி பகிர்ந்து, பதாகை கட்டிப் படமும் எடுக்கிறோம். வியாபாரியின் சமூகப் பொறுப்பு அத்துடன் முடிந்துவிடுகிறதா?

2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அந்த நெருக்கடியில் பொருளைப் பதுக்கியோரும் இருந்தனர். கூலியாட்களின் கடன் கொப்பியை மூடாத சில்லறைக் கடைக்காரரும் இருந்தனர். பின்னவரின் கடைக்கே சனம் இன்றும் போகிறது என்றால், அவர் செய்தது இலாபத்துக்கான தந்திரமாகிவிடுமா? இல்லை என்றே நினைக்கிறேன். காசு திரும்பாமலே போகலாம் என்று தெரிந்துதானே கொடுத்தார். நிய்யத் அங்கே தெரிகிறது. பின்னால் வந்த பரக்கத் அதைக் கெடுக்காது.

கஷ்டப்படும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது அல்குர்ஆன் (2:280). அளவையில் மோசம் செய்வோருக்கான எச்சரிக்கையுடனேயே அதன் 83ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. அடுத்த ரமழானில் பொதி கட்டுமுன் நமது தராசையும் கொப்பியையும் ஒருமுறை பார்த்துக்கொள்வோம்.