வாசலுக்கு வெளியே ஒரு வாங்கு

நோயாளி வைத்தியரைத் தேடி வரவேண்டும். வந்தால் வைத்தியர் பார்ப்பார். நாம் கேள்வியின்றி ஏற்றுக்கொண்ட ஒழுங்கு இது. அப்படியாயின், வரமுடியாமற் போனவருக்கு யார் பொறுப்பு? சட்டத்திடம் கேட்டால் வைத்தியர் குற்றமற்றவர். மனச்சாட்சியிடம் கேட்டால்?

சிம்பாப்வே நாட்டின் உளமருத்துவர் டிக்சன் சிபண்டா இவ்வினாவை வாழ்க்கையிலேதான் சந்தித்தார். ஐரோப்பாவில் மருத்துவம் பயின்ற காலத்தில் அவரது சக மாணவர் ஒருவர் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். கலகலப்பாகத் திரிந்தவர், அவர் உள்ளத்தில் இருந்ததை உடனிருந்த எவரும் அறியவில்லை. அந்த இழப்பே சிபண்டாவை உளமருத்துவத்தின் பக்கம் திருப்பியது. 2005இல் இரண்டாவது அடி விழுந்தது. அவரிடம் சிகிச்சை பெற்றுவந்த இளம்பெண் ஒருத்தி தற்கொலை செய்துகொண்டாள். மகளை அழைத்துவரத் தாய்க்கு மனமிருந்தது. பஸ்ஸுக்கு வேண்டிய 15 டொலர்தான் இருக்கவில்லை.

வைத்தியர் தம் இடத்தில் காத்திருந்தார். எந்த விதியையும் அவர் மீறவில்லை. ஆயினும் தாம் காத்திருந்ததே போதுமானதா என்ற கேள்வி அவரை விடவில்லை.

அதே ஆண்டில் அரசாங்கம் நகர்ப்புறக் குடிசைகளையும் சிறு கடைகளையும் இடித்துத் தள்ளியது. சுமார் 7 இலட்சம் பேர் வீட்டையோ தொழிலையோ இழந்தனர் என ஐ.நா. மதிப்பிட்டது. நாட்டிலிருந்த உளமருத்துவர்களோ மிகச் சிலர். 2006இல் தலைநகர் ஹராரேயின் ம்பாரே பகுதியில் சிபண்டாவுக்குக் கிடைத்தவர்கள், சுகாதாரத் தொண்டர்களாக இருந்த 14 மூதாட்டிகள். சிகிச்சை நிலையத்துக்குள் அறை கிடைக்கவில்லை. வெளியே ஒரு வாங்கு போடப்பட்டது. ‘உளநல வாங்கு’ என்ற பெயருக்குச் சனம் அஞ்சி ஒதுங்கவே, மூதாட்டிகளின் யோசனைப்படி அது ‘நட்பு வாங்கு’ ஆயிற்று.

ஷோனா மொழியில் மனத்துயரை ‘குஃபுங்கிசிசா’ என்பார்கள். அளவுக்கு மிஞ்சி யோசித்தல் என்று பொருள். “ஒரே யோசினையாக் கிடக்கு” என்று நம் ஊர்ப் பெண்கள் சொல்வதும் இதைத்தானே! மூதாட்டிகள் இந்தச் சொல்லிலிருந்தே தொடங்கினார்கள். வந்தவர் தம் பிரச்சினைகளைச் சொல்வார். அவற்றுள் ஒன்றை அவரே தெரிவுசெய்வார்; செய்யக்கூடிய ஒரு வழியையும் அவரே கண்டுபிடிப்பார். கிழவிகள் என்றாலே புத்திமதி என்றிருக்கும் உலகில், புத்திமதியை அடக்கிக்கொண்டு கேட்டிருப்பதே அவர்கள் பெற்ற பயிற்சி.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். பணக்காரருக்கு நிபுணர், ஏழைக்குக் கிழவியா? மலிவான நீதியை நீதியென்று சொல்லலாமா? இதற்கு உணர்ச்சியால் விடையளிக்க முடியாது. சிகிச்சை பலித்ததா என்றே பார்க்கவேண்டும். 573 பேரை உள்ளடக்கி, 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று இதைப் பரிசோதித்தது. ஆறு மாதங்களின் பின்னர், வழமையான கவனிப்பைப் பெற்றோரில் ஏறத்தாழ 50 வீதத்தினரிடம் மனச்சோர்வு காணப்பட்டது. வாங்கில் அமர்ந்தோரில் சுமார் 14 வீதத்தினரிடம் மட்டுமே.

எனினும் ஆட்சேபம் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. கடும் நோயாளிகளையும் உயிராபத்தில் இருப்போரையும் மூதாட்டிகள் மேற்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். அனுப்பப்படுபவரை ஏற்க மேலே ஒரு வைத்தியர் வேண்டும். அங்கு போகப் பஸ் காசும் வேண்டும். வாங்கைக் காட்டி வைத்தியசாலை கட்டாமலிருக்கும் அரசு, இன்னொரு தாயை 15 டொலருக்காக வீட்டிலே இருத்திவிடும்.

சிபண்டா செய்தது, தம் கடமையின் எல்லையை வாசற்படியிலிருந்து சற்று வெளியே நகர்த்தியதுதான். ஆசிரியருக்கும் அதிகாரிக்கும் சட்டத்தரணிக்கும் இப்படியொரு வாசற்படி உண்டு. எங்கள் கதவு திறந்தேதான் இருக்கிறது என்று நாம் ஒவ்வொருவரும் சொல்லிக்கொள்கிறோம். அக்கதவுவரை வந்துசேர முடியாதவர் யார் என்பதை என்றைக்காவது விசாரித்திருக்கிறோமா?