கத்தியால் நெம்பலாமா?

ஒரு கருவியை அது எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலைக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டுமா என்பது மிகப் பழைய கேள்வி. கனமான மடக்குக் கத்தியால் மரப்பெட்டியின் மூடியை நெம்பலாமா என்று ஒருவர் யோசிக்கும்போது அந்தக் கேள்விதான் அவர் கைக்கு வந்து சேர்கிறது.

முதலில் இரும்பின் இயல்பைப் பார்க்க வேண்டும். கூர் மழுங்காமல் நிற்பதற்காகக் கத்தியின் அலகுக்குக் கடினமான தோய்ச்சல் கொடுக்கிறார்கள். கடினம் ஏற ஏற, வளைந்து கொடுக்கும் குணம் குறையும். கடப்பாரைக்குக் கொடுப்பது வேறு பதம். அது வளையலாம், முறியக் கூடாது. நெம்பும்போது விசை அலகின் பக்கவாட்டில் விழுகிறது. அதைத் தாங்கும் வலிமை தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. முதுகில் 4 மில்லிமீட்டர் இருக்கும் அலகு நுனியருகே 1 மில்லிமீட்டராக மெலிந்தால், அகலம் குறையாவிட்டாலும் அங்கே வலிமை 16-இல் ஒரு பங்குதான். மடக்குக் கத்திக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. அலகு ஓர் அச்சாணியில் சுழல்கிறது. விரல்மேல் மடங்கிவிடாதபடி ஒரு பிடிப்பு அதைத் தடுக்கிறது. அந்தப் பிடிப்பு மடங்குதலைத் தடுக்கச் செய்யப்பட்டது, முறுக்குதலைத் தாங்க அல்ல. ஒருமுறை நெம்பியதில் அந்த அச்சாணி தளர்ந்தால், பிறகு எப்போதோ சாதாரணமாக எதையோ அறுக்கும்போது கத்தி கையை வெட்டலாம். 1891-இல் சுவிஸ் படைவீரர்களுக்குக் கொடுக்கப்பட்ட மடக்குக் கத்தியில் டப்பா திறக்கவும் திருகாணி கழற்றவும் தனித்தனி உறுப்புகள் இருந்தன. பிடி ஒன்று, வேலைக்கு ஓர் உறுப்பு.

கிரேக்கர்களும் கத்தியை வைத்தே இதை யோசித்தார்கள். பிளேட்டோவின் ‘குடியரசு’ முதல் நூலில் சாக்ரடீஸ், திராட்சைக் கொடியைக் குத்துவாளாலும் அறுக்கலாம், ஆனால் அதற்கென்றே செய்த கொடிக்கத்திதான் நன்றாக அறுக்கும் என்று வாதிடுகிறார். ஒரு பொருளின் பணி என்பது அதனால் மட்டுமே முடிவது, அல்லது அதனால்தான் சிறப்பாக முடிவது. அரிஸ்டாட்டில் ‘அரசியல்’ நூலில், பல வேலைக்கும் சேர்த்துச் செய்யப்பட்ட டெல்ஃபி கத்தியைச் சிக்கனத்தின் பிள்ளை என்றே கருதுகிறார்.

சைவ சித்தாந்தம் கேள்வியை இன்னும் ஆழத்துக்குக் கொண்டுபோகிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரமும் தண்டும் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம். உயிருக்கு உடலும் உட்கருவிகளும் உலகமும் நுகர்வும், அதாவது தனு, கரணம், புவனம், போகம் என்ற நான்கும், உயிரைப் பற்றிய மலம் என்னும் அழுக்கு நீங்குவதற்காக இறைவனால் தரப்பட்டவை. கருவி சடம், அதற்கு விருப்பமோ வலியோ இல்லை. ஆகவே கத்தியைத் தவறாகப் பயன்படுத்துகிறவர் கத்திக்குத் தீங்கு செய்தவர் ஆகமாட்டார். தந்தது எதற்காக என்பதை மறந்தவர் ஆகிறார். குற்றம் அந்த மறதியில் இருக்கிறது.

திண்டுக்கல்லில் இதைப் புரிந்துகொள்ள நூல்கள் தேவையில்லை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டைச் சாவியாலும் திறக்கலாம், கடப்பாரையாலும் திறக்கலாம். கதவு இரண்டிலும் திறக்கும். பூட்டு ஒன்றில்தான் மிஞ்சும். காரியம் முடிந்ததா என்பதோடு, முடித்தபின் எது கெட்டுப்போயிற்று என்பதையும் கேட்க வேண்டும். பூட்டுப் பட்டறைகளில் ஆயுத பூஜையன்று அரமும் சுத்தியலும் துடைக்கப்பட்டு, சந்தனமும் குங்குமமும் பெற்று, அன்று ஓய்வெடுக்கின்றன. சடப்பொருளுக்கு ஏன் இந்த மரியாதை? அதன் வழியாகச் சோறு வருகிறது. அதைச் செய்தவரின் உழைப்பும் அதற்குள் இருக்கிறது.

ஆனால் செய்தபோது எண்ணிய பயன் ஒன்றே பயன் என்று சொல்லிவிட முடியாது. கருப்பசாமி கோயில்களில் நேர்த்திக்கடனாகச் செலுத்தும் அரிவாள்கள் எதையும் வெட்டுவதில்லை. மண்ணில் ஊன்றி, மழையில் துருவேறி நிற்கின்றன. அரிவாளின் வேலை வெட்டுவது மட்டுமே என்றால் அவை வீண் என்று ஆகும். கும்பிடுகிறவர்கள் யாரும் அப்படி நினைப்பதில்லை. பயனைச் செய்தவரும் தருகிறார், கையாளுகிறவரும் தருகிறார். இரும்பின் இயல்பு அதற்கு எல்லை போடுகிறது. கோயில் அரிவாள் அந்த எல்லையை மீறவில்லை. நெம்பும் கத்தி மீறுகிறது.

அந்த எல்லையையும் தாண்டக்கூடிய வேளை உண்டு. மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் ஆபத்தர்மத்துக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. நெருக்கடியில் வழக்கமான விதி தளரலாம், நெருக்கடி தீர்ந்ததும் விதி திரும்பும் என்பது அதன் அடிப்படை. விபத்தில் நசுங்கிய காருக்குள் ஒருவர் சிக்கியிருக்க, கையில் மடக்குக் கத்தி மட்டுமே இருந்தால், அதனால் கதவை நெம்பத்தான் வேண்டும். கத்தி உயிருக்காக இருக்கிறது. ஆனால் அப்படி நெம்புகிறவர், கத்தி போனது என்று கணக்கில் எழுதிவிட்டே நெம்ப வேண்டும். முறிந்தபின் செய்தவரைக் குறை சொல்லக் கூடாது. முறியாமல் தப்பினாலும் அதைப் பழையபடி நம்பக் கூடாது. சோம்பலால், கடப்பாரை எடுக்க நாலு அடி நடக்க மனமில்லாமல் நெம்புவதற்கு இந்த விலக்கு பொருந்தாது. இரவல் கத்தி என்றால் உயிராபத்து தவிர வேறு எதற்கும் பொருந்தாது.