ஒன்பது மணிக்குப் பிறகு காடு யாருடையது?

பந்திப்பூர் புலிகள் காப்பகத்தை இரண்டு தேசிய நெடுஞ்சாலைகள் ஊடறுக்கின்றன. ஒன்று வயநாடு வழியாகக் கோழிக்கோட்டுக்குப் போகிறது. மற்றொன்று முதுமலை வழியாக உதகைக்கு வருகிறது. இரவு 9 மணி முதல் காலை 6 மணிவரை இரண்டிலும் போக்குவரத்துக்குத் தடை. 2009இல் தொடங்கிய இத்தடையை 2010இல் கர்நாடக உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. வயநாடு மக்களவை இடைத்தேர்தல் நடந்த 2024இல் அதைத் தளர்த்தும் பேச்சு மீண்டும் எழுந்தது. தளர்த்துவது அறமாகாது.

பந்திப்பூர் தனித்து நிற்கும் காடன்று. முதுமலை, நாகரஹொளே, வயநாடு, சத்தியமங்கலம் என ஒன்றோடொன்று தொடரும் இந்த வனப்பரப்பில்தான் ஆசிய யானைகள் உலகிலேயே மிகுதியாக வாழ்கின்றன. நீருக்கும் மேய்ச்சலுக்கும் யானைக்கூட்டம் சாலையைக் கடந்தே ஆக வேண்டும். முகப்பு விளக்கின் வெளிச்சம் கண்ணில் பட்டதும் புள்ளிமான் அசையாமல் நின்றுவிடும். இருட்டிய பின் இரைதேடப் புறப்படும் சிறுத்தைக்கும் புனுகுப்பூனைக்கும் காட்டுமுயலுக்கும் அந்த ஒன்பது மணி நேரமே வாழ்வு. சக்கரத்தில் சிக்கிச் சாவது ஒரு கேடு. ஓயாத இரைச்சலுக்கு அஞ்சிக் கடக்காமலே திரும்பும் கூட்டம் தன் காட்டின் மறுபாதியை இழப்பது இன்னொரு கேடு.

காட்டில் வண்டி ஓட்டுபவனின் கடமை தமிழர்க்குப் புதிதன்று. அகநானூற்றின் நான்காம் பாடலில் குறுங்குடி மருதனார் காட்டும் தலைவன், பூக்களில் துணையோடு தங்கிய வண்டுகள் கலங்குமே என்று தன் தேர்மணிகளின் நாவைக் கட்டிவிடுகிறான். படர வழியின்றித் தவித்த முல்லைக்குப் பாரி தேரையே ஈந்தான். தேர்ச்சக்கரத்தில் கன்று மாண்டதற்காகத் தன் மகனையே தண்டித்த சோழனைச் சிலப்பதிகாரமும் பெரியபுராணமும் போற்றுகின்றன. வள்ளுவர் நிழல் தரும் காட்டை நாட்டின் அரண்களுள் ஒன்றாக எண்ணுகிறார். பகிர்ந்துண்டு பல உயிர்களைக் காப்பதை அறங்களுள் முதன்மையாக வைக்கிறார். அந்த நெறியே இன்று சட்டமாகவும் நிற்கிறது: வனத்தைக் காப்பதும் உயிர்களிடம் இரக்கம் காட்டுவதும் குடிமக்களின் கடமை என்கிறது அரசமைப்பின் 51அ பிரிவு.

வயநாட்டு மக்களின் சிரமம் மெய்யானது. சாலையைப் பகலிலும் மூடும் யோசனை 2019இல் உச்ச நீதிமன்றத்தில் எழுந்தபோது சுல்தான் பத்தேரியில் இளைஞர்கள் உண்ணாவிரதம் இருந்தனர். ஆனால் பகல் முழுவதும் சாலை திறந்தே இருக்கிறது. இரவிலும் ஆம்புலன்ஸுக்குத் தடையில்லை. குறிப்பிட்ட சில அரசுப் பேருந்துகளும் ஓடுகின்றன. மற்றவர்களுக்குக் குட்டா, கோணிக்கொப்பல், ஹுன்சூர் வழியாகச் சுற்றுப்பாதை உண்டு. லாரிக்குக் கூடுவது சில மணி நேரமும் டீசல் செலவும்தான். யானைக்கோ மாற்றுக் காடு கிடையாது. இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பது நீதியன்று.

சத்தியமங்கலம் காட்டில் 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையில், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரியில் இரவுத் தடை நடைமுறைக்கு வந்தபோது தாளவாடி விவசாயிகளும் கொதித்தனர். ஆனால் உள்ளூர் மக்களுக்கு விலக்களித்துத் தடையைத் தொடர முடிந்தது. பந்திப்பூரிலும் அரசுகள் செய்ய வேண்டியது இத்தகைய ஏற்பாடுகளையே: சுற்றுப்பாதையைச் செப்பனிட வேண்டும், காய்கறி லாரிகள் மாலைக்குள் காட்டைக் கடக்கும்படி சந்தை நேரங்களை மாற்ற வேண்டும், 9 மணித் தடையில் ஒரு நிமிடத்தையும் குறைக்கக் கூடாது.