தோற்றவரின் சம்மதம்
தனியரசு பற்றிய சர்வசன வாக்கெடுப்புகள் எழுப்பும் ஓர் அறவியல் வினா

1905ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 13ஆம் திகதி நோர்வே நாட்டினர் ஒரு வினாவுக்கு விடையளித்தனர். 1814ஆம் ஆண்டு முதல் ஒரே முடியின்கீழ்ச் சுவீடனுடன் இணைந்திருந்த தம் நாடு அவ்விணைப்பிலிருந்து விலகியதை ஏற்பதா, மறுப்பதா என்பதே அவ்வினா. ஏற்போம் என்றோர் 368,208 பேர். மறுத்தோர் 184 பேர். தனியரசு குறித்து நடைபெற்ற வாக்கெடுப்புகளுள் இத்துணை ஒருமுகமான தீர்ப்பைத் தந்தவை மிகச் சிலவே. ஆயினும் அன்றைய நோர்வேயிற் பெண்களுக்கு இவ்வாக்கெடுப்பிற் பங்கு இருக்கவில்லை. தாமும் அந்நாட்டு மக்களே என்பதை உணர்த்துமுகமாகப் பெண்கள் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டி விலகலுக்குத் தம் ஆதரவைத் தெரிவித்தனர். எண்ணிக்கையில் எவ்வித ஐயத்துக்கும் இடமில்லாத ஒரு தீர்ப்பிலுங்கூட, 'மக்கள்' என்னும் சொல்லுள் அடங்குவோர் யாவர் என்னும் ஐயம் எஞ்சியே நின்றது.

நோர்வேயின் நிலை விதிவிலக்கானது. ஒரு தேசம் தன்னுள்ளே ஏறத்தாழச் சரிபாதியாகப் பிளவுண்டு நிற்கையில் இவ்வினா எழுப்பப்படின், விடை எத்தகைய கடப்பாட்டைத் தோற்றுவிக்கும்? நூற்றுக்கு ஐம்பத்தொருவர் விரும்பியதற்கு, விரும்பாத நாற்பத்தொன்பது பேர் எந்த நியாயத்தாற் கட்டுப்பட்டவர் ஆகின்றனர்?

பெரும்பான்மையோர் முடிவுக்குச் சிறுபான்மையோர் கட்டுப்படவேண்டும் என்பது சனநாயகத்தின் அரிச்சுவடி என்று கூறி இவ்வினாவைத் தட்டிக்கழித்தல் எளிது. ஆனால் அவ்வரிச்சுவடியை எழுதியோரே அத்துணை எளிதாக அதனைக் கூறிவிடவில்லை. பெரும்பான்மையோர் முடிவு அனைவரையும் கட்டுப்படுத்தும் என்று வாதித்த ஜோன் லொக், அதற்கு முன்னர் ஒவ்வொருவரும் ஒரே அரசியற் சமுதாயமாய் இணைவதற்குத் தாமே சம்மதித்திருத்தல் வேண்டும் என்றார். 1762இல் வெளிவந்த தமது 'சமுதாய ஒப்பந்தம்' என்னும் நூலில் ரூசோவும், அவ்வொப்பந்தம் ஒன்றுக்கு மாத்திரம் எல்லோரதும் உடன்பாடு வேண்டும் எனக் கொண்டார். ஏனையவற்றிலும் பொருள் எவ்வளவுக்குப் பாரதூரமானதோ அவ்வளவுக்குத் தீர்ப்பு ஒருமனப்பாட்டை அண்மித்திருத்தல் நன்று என்பது அவர் கருத்து. வரிவிதிப்புப் பற்றிய ஒரு வாக்கெடுப்பில் தோற்றவன் முடிவை ஏற்கின்றான் எனின், தானும் வென்றவனும் ஒரே சமுதாயத்தினர் என்பதை அவன் முன்னரே ஏற்றிருப்பதே காரணமாகும். அடுத்த தேர்தலில் அம்முடிவை மாற்றலாம் என்ற நம்பிக்கையும் அவனுக்கு உண்டு. தனியரசு பற்றிய வாக்கெடுப்பிலோ அந்த அத்திவாரமே வினாவாகிவிடுகின்றது. எந்தச் சமுதாயத்தின் பெரும்பான்மைக்கு எவர் கட்டுப்படுவது என்பதே அங்கு தீர்மானிக்கப்படவேண்டியதாகின்றது. ஆதலாற் பெரும்பான்மை விதி தன்னைத்தானே சான்றாகக் காட்டித் தன்னை நிறுவிக்கொள்ள இயலாது.

இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது துணைவேந்தராய் விளங்கிய சேர் ஐவர் ஜெனிங்ஸ் இச்சிக்கலை 1956இல் வெளிவந்த ஒரு நூலில் நறுக்கெனச் சுட்டினார். மக்களே முடிவு செய்யட்டும் என்பது கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினும், மக்கள் யாவர் என்பதை எவரேனும் முடிவு செய்யும் வரை மக்களால் எதனையும் முடிவு செய்யவியலாது என்பது அவர் வாதம். பின்வந்தோர் பலர் இதனை ஒரு சாதுரியமான கூற்றாகவே எடுத்தாண்டனர். அது வெறுஞ் சாதுரியமன்று என்பதற்குக் கனடாவின் கியூபெக் மாகாணத்து அனுபவம் சான்றாகும்.

1980இல் நடைபெற்ற முதலாவது வாக்கெடுப்பிற் கியூபெக்கினர் இறைமைக்கான திட்டத்தை ஏறத்தாழ அறுபது வீதத்தினரின் வாக்குகளால் நிராகரித்திருந்தனர். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரண்டாவது வாக்கெடுப்பு நடைபெற்றது. வாக்காளருள் 93 வீதத்துக்கு மேற்பட்டோர் பங்குகொண்ட அவ்வாக்கெடுப்பில் 'இல்லை' என்போர் 50.58 வீதமும் 'ஆம்' என்போர் 49.42 வீதமும் பெற்றனர். இடைவெளி 54,288 வாக்குகள். நிராகரிக்கப்பட்ட வாக்குச்சீட்டுகளின் தொகை இதனிலும் பெரிது. வாக்காளரிடம் கேட்கப்பட்ட வினாவோ, கனடாவுடன் புதியதொரு பொருளாதார, அரசியற் பங்காண்மையை முறைப்படி வேண்டிய பின்னர் இறைமை பெறுவதற்கு உடன்படுகிறீர்களா எனச் சுற்றிவளைத்து அமைந்திருந்தது. அதனுள் ஒரு சட்டமூலமும் ஓர் உடன்படிக்கையும் வேறு குறிப்பிடப்பட்டிருந்தன. முற்றாகப் பிரிவதற்கு வாக்களித்தோமா, புதியதோர் உறவுக்கு வாக்களித்தோமா என்பதை 'ஆம்' என்றவர்களுட் பலர் அறியாதிருந்திருக்கலாம் என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. விடையின் நேர்மை வினாவின் நேர்மையிலேயே தங்கியுள்ளது.

இதனினும் கூர்மையான செய்தி வேறொன்று. மாகாண வாக்கெடுப்புக்கு ஆறு நாட்களின் முன்னர், அம்மாகாணத்தின் வடபுலத்திலே தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் கிறீ மக்கள் தமக்கெனத் தனியான வாக்கெடுப்பொன்றை நடத்தினர். கியூபெக் தனியரசாகுமிடத்துத் தாமும் தமது நிலமும் அதனுடன் செல்வதற்கு உடன்பாடா என்பதே வினா. 96 வீதத்துக்கு மேற்பட்டோர் உடன்பாடின்மையைத் தெரிவித்தனர். தம் விருப்பத்தை அறியாது கனடா தம்மைக் கட்டிவைத்தல் ஆகாது என்று வாதித்த ஓரினம், கிறீ மக்களின் விருப்பத்தை அறியாது அவர்களைத் தன்னுடன் கொண்டுசெல்லல் ஆகுமா? கனடா பிரிக்கப்படத்தக்கது எனின் கியூபெக்கும் பிரிக்கப்படத்தக்கதே என்ற தர்க்கத்துக்கு இறைமைவாதிகள் அளித்த விடைகளுள் அறவியல் நோக்கில் நிறைவு தருவது எதுவுமில்லை எனலாம். ஏலவே உள்ள மாகாண எல்லையே எல்லை என்பது நடைமுறைக்கு உகந்த விடை. ஆனால் அந்த எல்லையையும் ஒருகாலத்தில் எவரோ ஒருவர் மக்களைக் கேளாது வரைந்தார் என்பதை அது மறந்துவிடுகின்றது.

முடிவு வெளியான இரவில் மாகாண முதல்வர் ஜாக் பரிசோ ஆற்றிய உரை இன்றும் நினைவுகூரப்படுகின்றது. பணத்தாலும் இனக்குழுக்களின் வாக்குகளாலுமே தோல்வி நேர்ந்தது என்ற கருத்துப்பட அவர் பேசினார். மறுநாளே பதவி விலகும் முடிவை அறிவித்தார். அவ்வுரையின் குற்றம் அதன் சினத்தில் மட்டும் அடங்கவில்லை. அந்த மண்ணில் வாழ்ந்து, வரிசெலுத்தி, வாக்கும் அளித்த ஒரு பகுதியினரை, எதிராக வாக்களித்தனர் என்ற காரணத்தால் 'மக்கள்' என்ற சொல்லின் வெளியே நிறுத்தியதே அதன் பெருங்குற்றமாகும். வாக்கெடுப்பு வேறு திசையிற் சென்றிருப்பின், புதிய அரசிலே அவர்களின் நிலை யாதாக இருந்திருக்கும் என்ற அச்சத்தைத் தனியரசு வேண்டியோரின் தலைவரே ஊட்டிவிட்டார்.

1998இற் கனடிய உயர்நீதிமன்றம் அளித்த ஆலோசனை இப்பின்னணியில் வைத்து நோக்கத்தக்கது. ஒரு மாகாணம் தன்னிச்சையாகப் பிரிந்துசெல்லும் உரிமை கனடாவின் அரசியலமைப்பிலும் இல்லை, சருவதேச சட்டத்திலும் இல்லை என அது கூறியது. அவ்வளவில் நின்றிருப்பின் அது வென்றவரின் நீதியாகவே கொள்ளப்பட்டிருக்கும். தெளிவான வினாவுக்குத் தெளிவான பெரும்பான்மையினர் 'ஆம்' என விடையளிப்பின், ஏனைய கனடாவுக்குப் பேச்சுவார்த்தை நடத்தும் கடப்பாடு உண்டென்றும் அது சேர்த்துரைத்தது. அப்பேச்சிற் சிறுபான்மையோரின் உரிமைகளும் கருதப்படல் வேண்டும் என்றது. தெளிவான பெரும்பான்மை என்பது எத்தனை வீதம் என்பதை மாத்திரம் அது சொல்லாது விட்டது. மொன்ரனீக்ரோவின் 2006ஆம் ஆண்டு வாக்கெடுப்புக்கு 55 வீதம் என்ற எல்லை வகுக்கப்பட்டது, கிடைத்தது 55.5 வீதம். எல்லை எங்கே வரையப்படினும் அதன் விளிம்பில் நிற்போர் சிலர் இருக்கவே செய்வர்.

கியூபெக்கில் இல்லாத ஒன்று ஸ்கொத்லாந்தில் இருந்தது. 2012 ஒக்ரோபரில் எடின்பரோவிற் கைச்சாத்தான உடன்படிக்கையின் வாயிலாக, இலண்டன் அரசாங்கமும் ஸ்கொத்லாந்து அரசாங்கமும் வாக்கெடுப்பின் முடிவு எதுவாயினும் அதனை மதிப்பதென முன்கூட்டியே ஒப்புக்கொண்டன. விளையாட்டின் விதிகளை ஆட்டம் தொடங்குமுன் இருதரப்பினரும் ஏற்பது போன்றது இது. ஸ்கொத்லாந்தினர்க்கு இதன் அருமை தெரியும். 1979இற் சட்டசபை பற்றிய வாக்கெடுப்பிலே 51.6 வீதத்தினர் 'ஆம்' என்றும், பதிவுபெற்ற வாக்காளர் அனைவருள்ளும் நாற்பது வீதத்தினர் ஆதரித்தல் வேண்டும் என்ற நிபந்தனையால் அவர்கள் தோற்றவராயினர். வாக்களியாதோர் மட்டுமன்றி, இடாப்பிலிருந்து பெயர் நீக்கப்படாத இறந்தோருங்கூட எதிர்த்து வாக்களித்தவராகவே எண்ணப்பட்டனர் என்ற மனக்குறை நெடுநாள் நிலவிற்று.

2014 செப்ரெம்பர் 18ஆம் திகதி கேட்கப்பட்ட வினா சுருக்கமானது: ஸ்கொத்லாந்து ஒரு சுதந்திர நாடாதல் வேண்டுமா? அங்கு வதிவோர் வாக்களித்தனர். இங்கிலாந்தில் வாழ்ந்த ஸ்கொத்லாந்தினர்க்கு வாக்கில்லை. எடின்பரோவிற் பிறந்து இலண்டனில் தொழில் புரிந்தவருக்கு மறுக்கப்பட்ட உரிமை, கிளாஸ்கோவில் முறைப்படி வதிந்த பொதுநலவாய நாட்டினருக்கு, இலங்கையர் உட்பட, கிட்டியது. குருதியன்றி வாழ்விடமே மக்களை வரையறுக்கும் என்ற இம்முடிவு எல்லோர்க்கும் உவப்பானதன்று. ஆயினும் முடிவின் விளைவுகளுடன் வாழவேண்டியவரே முடிவு செய்தல் தகும் என்ற நியாயம் அதன் பின்னே உண்டு. பதினாறு வயதினர்க்கும் வாக்களிக்கப்பட்டமை அதே நியாயத்தின் நீட்சி.

அவ்வாக்கெடுப்பின்போது அச்சமும் நம்பிக்கையும் எதிரெதிரே நிறுத்தப்பட்டன. பவுண் நாணயம் எஞ்சுமா, ஓய்வூதியம் யார் தருவர், வடகடல் எண்ணெயின் வருமானம் எத்தனை காலம் நிலைக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தில் இடம் கிட்டுமா என்பன ஒருபுறம். தம் வாக்குப் பெறாத கட்சிகளால் ஆளப்படாமை, அணுவாயுத நீர்மூழ்கிகளை அகற்றல், தம் செல்வத்தைத் தாமே பகிர்தல் என்பன மறுபுறம். அச்சத்தாற் செலுத்தப்பட்ட வாக்குக் கீழானது, நம்பிக்கையாற் செலுத்தப்பட்ட வாக்கு மேலானது என்ற எண்ணம் இளைஞரிடையே பரவலாக இருந்தது. இஃது ஏற்கத்தக்கதன்று. ஓய்வூதியத்தை நம்பி வாழும் ஒரு முதியவள் அதனை இழக்க அஞ்சுவது கோழைத்தனம் ஆகாது. நாற்பது ஆண்டு காலம் உழைத்த இளைஞனுக்கும் அவ்வச்சம் ஒருநாள் வரும். நம்பிக்கையும் எப்பொழுதும் தன் கைப்பொருளையே பணயம் வைப்பதில்லை; அயலவனின் பொருளையும் சேர்த்தே வைக்கின்றது. எனினும் அச்சத்தைத் தூண்டுவோர்க்கும் ஒரு கடப்பாடு உண்டு: தாம் காட்டும் ஆபத்து தம் பக்கத்தில் இல்லை என்பதை அவர்கள் உறுதிசெய்தல் வேண்டும்.

இக்கடப்பாடு எவ்வாறு பிறழ்ந்தது என்பதை ஈராண்டுகளிற் காண நேர்ந்தது. 84.6 வீதத்தினர் பங்குகொண்ட வாக்கெடுப்பில் 55.3 வீதத்தினர் தனியரசு வேண்டாம் என்றனர், 44.7 வீதத்தினர் தோற்றனர். தோற்றவர் முடிவை ஏற்றனர். கலகம் செய்யாது, தம் கட்சியிற் பெருந்தொகையாய்ச் சேர்ந்தனர். 2015ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் ஸ்கொத்லாந்தின் 59 ஆசனங்களுள் 56ஐ வென்றனர். 2016 யூன் மாதம் பிரித்தானியா முழுவதும் நடைபெற்ற வேறொரு வாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகுவதென முடிவாயிற்று. ஸ்கொத்லாந்தினருள் 62 வீதத்தினர் அதனுள்ளே இருக்கவே வாக்களித்திருந்தனர். ஒன்றியத்தில் நிலைத்திருப்பதற்குப் பிரித்தானியாவில் நிலைத்திருத்தலே வழி என்று 2014இற் கேட்டு, அதனை நம்பி 'இல்லை' என்றவர்க்கு இப்பொழுது எஞ்சியது யாது? தாம் வாக்களித்த நிலைமையே இல்லாதொழிந்த பின்னரும் அவ்வாக்கு அவர்களைக் கட்டுப்படுத்துமா? பிரிவினை மாற்றவொண்ணாதது, ஆதலாற் பொறுப்பு முழுவதும் 'ஆம்' என்போர்க்கே உரியது என்று கூறுவோர் இதனை எண்ணிப்பார்த்தல் வேண்டும். 'இல்லை' என்பதும் முன்னுள்ளதை அப்படியே காத்துத் தருவதில்லை.

மறுபுறத்து வாதமும் வலுவற்றதன்று. தலைமுறைக்கு ஒருமுறை வரும் வாய்ப்பு என்று 2014இற் பேசியோர் தனியரசு வேண்டிய தலைவர்களே. தோற்கும்தோறும் மீண்டும் கேட்கலாம், வென்றால் ஒருமுறையே போதும் எனின், அது முடிவு வேண்டி நடத்தப்படும் வாக்கெடுப்பாகாது. விரும்பிய விடை கிட்டும் வரை நீளும் விசாரணையாகும். வென்றோரும் வாழ்க்கையைத் திட்டமிட வேண்டியவர்களே. வீடு வாங்குவோரும் தொழில் தொடங்குவோரும் ஒவ்வோர் ஐந்தாண்டும் தம் நாடு எது என்று வினவிக்கொண்டிருக்க இயலாது.

தென்சூடானின் 2011ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் ஏறத்தாழ 99 வீதத்தினர் பிரிவை ஆதரித்தனர். 2013 திசெம்பரில் அந்நாட்டினுள்ளேயே போர் மூண்டது. எவரிடமிருந்து விடுபடுவது என்பதில் ஒன்றுபட்டோர், எவருடன் எவ்வாறு வாழ்வது என்பதில் ஒன்றுபட்டிருக்கவில்லை. அங்கே தோற்றவர் என்று கூறத்தக்க ஒரு தரப்பே வாக்கெடுப்பிற் காணப்படவில்லை என்பது கருதத்தக்கது. எதிர்த்து நிற்போரின் சம்மதத்தை நாடவேண்டிய தேவை ஏற்படாத ஓர் அரசியல், அதனை நாடும் பழக்கத்தையும் பெறாதுபோதல் கூடும்.

பிரித்தானியாவில் இப்பொழுதுள்ள நிலையே விந்தையானது. வட அயர்லாந்து மக்களுட் பெரும்பான்மையோர் அயர்லாந்துடன் இணைய விரும்புவர் எனத் தோன்றுமிடத்து வாக்கெடுப்பு நடத்தப்படல் வேண்டும் என்று 1998ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கின்றது. ஒரு வாக்கெடுப்புக்கும் அடுத்ததற்குமிடையே குறைந்தது ஏழாண்டுகள் கழிதல் வேண்டும் என்றும் அதிலே உண்டு. ஸ்கொத்லாந்துக்கு அத்தகைய விதி எதுவும் இல்லை. இலண்டனின் உடன்பாடின்றி அங்குள்ள பாராளுமன்றம் தனியரசு பற்றிய வாக்கெடுப்புக்குச் சட்டமியற்றவியலாது என 2022 நவம்பரிற் பிரித்தானிய உயர்நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சம்மதத்தின்மேல் நிற்கும் ஒன்றியம் என்று தன்னைக் கூறிக்கொள்ளும் ஓர் அரசு, அச்சம்மதத்தை மீளக் கேட்கும் முறையை ஒரு பகுதிக்கு எழுதிவைத்து மற்றொரு பகுதிக்கு எழுதாது விட்டுள்ளது. 2014ஆம் ஆண்டு வாக்கெடுப்பு நாளிற் பிறந்த குழந்தைகள் 2030இற் பதினாறு வயதை எய்துவர். ஸ்கொத்லாந்துப் பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் வயது அங்கு அதுவே. அவ்வினா அவர்களிடம் எப்பொழுது, எந்த விதியின்கீழ்க் கேட்கப்படும் என்பதற்கு அந்நாட்டின் சட்டங்களில் விடை இல்லை.