தீர்ப்பா, துணையா?



"நான் செத்துப் போனால் நல்லது" என்று பதினைந்து வயதுப் பிள்ளை சொல்லுகிறான். அதைக் கேட்ட தகப்பன் முதலில் செய்ய வேண்டியது யாது? ஹராம் என்று கண்டிப்பதா? அருகில் உட்கார்ந்து கேட்பதா? நம்மவர்களில் பலர் கண்டிப்பதையே கடமையெனக் கருதுகின்றனர். அக்கருத்தைச் சற்று ஆராய்வோம்.

தன்னுயிரைத் தானே போக்கிக்கொள்வது மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த விலக்கு செயலைக் குறித்தது. துயரத்தில் தவிக்கும் உள்ளத்தை எப்படி நடத்துவது என்பது வேறு கேள்வி. மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் தன்னந்தனியே, பிரசவ வேதனையில், பேரீச்ச மரத்தடியில் இருந்தபோது, இதற்கு முன்பே இறந்திருக்கலாகாதா என்று ஏங்கியதைத் திருக்குர்ஆனின் 19ஆம் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. அவர்களுக்குக் கண்டனமா வந்தது? கவலை வேண்டாமென்ற ஆறுதலும், குடிக்க நீரும், உண்ணப் பழமுமே வந்தன. ஏங்குவது வேறு, முயல்வது வேறு என்பது மெய்யே. ஏக்கமாக இருக்கும்போதே ஆறுதல் வந்து சேரவேண்டும் என்பதன்றோ இதிலுள்ள படிப்பினை? யஃகூப் நபியவர்கள் மகனைப் பிரிந்த துக்கத்தால் கண்பார்வையையே இழந்தார்கள். அதனால் அவர்களுக்கு ஈமான் குறைந்ததென்று எவரும் சொல்லார்.

இது எங்கோ நடக்கும் சங்கதி அன்று. 2022இல் மலேசியச் சுகாதார அமைச்சு 13 முதல் 17 வயதுவரையுள்ள மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், எட்டுப் பேரில் ஒருவர் தற்கொலை எண்ணம் தமக்கு வந்ததாகக் கூறினர். 2017இல் இது பத்துப் பேரில் ஒருவராக இருந்தது. கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், பெஸ்தாரி ஜெயா பக்கத்துப் பிள்ளைகள் இதற்கு விலக்கல்லர். விடியற்காலையில் கடை திறந்து இரவில் வீடு திரும்பும் நாம், பிள்ளை உறங்காததையும், சோற்றை ஒதுக்குவதையும், நண்பர்களை விட்டு விலகுவதையும், "நான் உங்களுக்குப் பாரம்" என்று முணுமுணுப்பதையும் காணாமற் போகிறோம்.

கண்டால் நேரே கேட்க வேண்டும். முகம் வாடி வரும் வாடிக்கைக்காரரிடம் "கடன் எவ்வளவு?" என்று கேட்பதனால் கடன் உண்டாவதில்லை. தொகை தெரிந்தால்தான் தவணை பேச முடியும். "சாக வேண்டுமென்று தோன்றுகிறதா?" என்ற கேள்வியும் அத்தகையதே. கேட்பதனால் அவ்வெண்ணம் முளைப்பதில்லை என்பது மனநல ஆய்வுகள் கண்ட முடிவு. கேட்டபின் குறுக்கே பேசாமல் செவிசாய்க்க வேண்டும்.

ஆபத்து தெரிந்தால் பிள்ளையைத் தனியே விடலாகாது. வீட்டிலும் கடையிலும் உள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்துகளையும் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வேகம் பெரும்பாலும் தணியக்கூடியதே. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்தபின், 1995க்கும் 2005க்கும் இடையே தற்கொலை மரணங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன.

பிறகு அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆலிம்சாவிடம் துஆ கேட்பதும் நன்றே. அது வைத்தியத்திற்குத் துணை, மாற்றன்று. சுகாதார அமைச்சின் மனநலத் தொலைபேசி எண் 15555. 1970 முதல் பணிபுரியும் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் சங்கத்தின் எண் 03-7627 2929. இச்சங்கத்தை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். உயிருக்கு உடனடி ஆபத்தெனில் 999.

"வெளியே தெரிந்தால் மானம் போகும், நிக்காஹ் பேச்சு கெடும்" என்பார்கள். முன்பு சட்டத்திற்கும் அஞ்சினார்கள்; தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு உயிர்விட முயன்றவரைக் குற்றவாளியாக்கிற்று. 2023இல் நாடாளுமன்றம் அப்பிரிவையே நீக்கிவிட்டது. சட்டமே இரங்கியபின், பெற்ற தகப்பன் நீதிபதியின் ஆசனத்தில் உட்காரலாமா?

பிள்ளை அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அமானிதப் பொருள் பழுதுபட்டால் நல்ல வியாபாரி அதை வைதுகொண்டு நிற்கமாட்டான். காக்கும் வழியைத் தேடுவான். இன்றிரவு கடையை ஒரு மணி நேரம் முன்னதாக அடைத்துவிட்டுப் பிள்ளையோடு உட்கார்ந்து உண்ணுங்கள். அல்லாஹ் நம் மக்களைக் காத்தருள்வானாக! ஆமீன்.